மலைநாட்டுப் பிள்ளை கப்பலுக்கு வழி சொல்வது எப்படி?

ஜவ்வாது மலையின் நெல்லிவாசல்நாட்டில் கடல் கிடையாது. மலையிறங்கித் திருப்பத்தூர் போனாலும் கிடையாது. துறைமுகத்தின் கப்பல் போக்குவரத்துக் கண்காணிப்பு மையத்தில், அதாவது வி.டி.எஸ்.ஸில், ரேடியோ ஆபரேட்டராகச் சேர இதைவிடப் பெரிய தகுதி வேறென்ன வேண்டும்? அந்த வேலையில் இருப்பவர் கடலில் கால் நனைப்பதில்லை. ஏ.சி. அறையில் உட்கார்ந்து, ரேடார் திரையில் நகரும் புள்ளிகளோடு மைக்கில் பேசுகிறார். இதே ஜவ்வாது மலையில், காவலூர் வானாய்வகத்தில் இருந்துகொண்டு 1977-ல் யுரேனஸின் வளையங்களுக்குத் தடயம் கண்டவர்கள் உண்டு. எண்ணூரில் நிற்கும் கப்பல் அதைவிடத் தொலைவா? தயங்காமல் கீழ்க்கண்டவாறு செய்யவும்.

1. மலையின் உயரத்தை முதலீடாக்குங்கள்

செல்போன் சிக்னலுக்காகப் பாறை ஏறியவருக்கு வி.எச்.எஃப். ரேடியோ பற்றித் தனியாகப் பாடம் வேண்டாம். அந்த அலையும் ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும். பூமி வளையும் இடத்தில் அது வளையாமல் வானத்துக்குப் போய்விடும். அதனால்தான் துறைமுகங்களில் ஆண்டெனாவை உயரத்தில் வைக்கிறார்கள். 30 மீட்டர் கோபுரத்துக்கு ரேடியோ அலையின் தொடுவானம் சுமார் 23 கிலோமீட்டர். 700 மீட்டர் உயர மலையில் அதே ஆண்டெனாவை நட்டால், காகிதக் கணக்குப்படி சுமார் 109 கிலோமீட்டர். வங்காள விரிகுடா அதற்கும் கொஞ்சம் அப்பால் இருப்பது உங்கள் குற்றமல்ல. மீதித் தூரத்துக்கு பஸ் இருக்கிறது.

2. சாமைக்கொல்லைப் பரணை முன்அனுபவமாக எழுதுங்கள்

காட்டுப்பன்றி வராத இரவுகள்தான் அதிகம். அந்த இரவுகளிலும் பரணில் விழித்திருந்தால்தான் கொல்லை மிஞ்சும். ஆபரேட்டரின் நைட் ஷிஃப்டும் அவ்வளவுதான். ஒரு சலுகை உண்டு: பன்றி போலன்றி, கப்பல் தன் பெயரைச் சொல்லிக்கொண்டே வரும். பன்னாட்டுப் பயணம் போகும் 300 டன்னேஜும் அதற்கு மேலும் உள்ள கப்பல்களில் ஏ.ஐ.எஸ். என்ற தானியங்கி அடையாளக் கருவி கட்டாயம். பெயர், திசை, வேகம், ஒன்பது இலக்க அடையாள எண் எல்லாம் உங்கள் திரைக்கு வந்துவிடும். எண் 419 என்று தொடங்கினால் நம் நாட்டுக் கப்பல். அந்தக் கருவி இல்லாத சின்ன ஃபைபர் படகுதான் ரேடாரில் அலையோடு அலையாகக் கலந்து உங்கள் கண்ணைக் கெடுக்கும்.

தூங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: 1912 ஏப்ரல் 14 இரவு, கலிஃபோர்னியன் என்ற கப்பலின் ஒரே ரேடியோக்காரர் சுமார் பதினொன்றரைக்குக் கருவியை விட்டுப் படுக்கப் போனார். பத்து நிமிடத்தில், அதிகத் தொலைவில்லாத இடத்தில் டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது. அவர் எந்த விதியையும் மீறவில்லை. இரவு முழுக்கக் கேட்க வேண்டும் என்ற விதியே அதற்குப் பிறகுதான் வந்தது. கொல்லைக்காரர்களைக் கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருப்பார்கள்.

3. இங்கிலீஷ் வராதே என்று கவலைப்படாதீர்கள். சரளமாக வந்தால் கவலைப்படுங்கள்

கேப்டன் உக்ரைன்காரர், மாலுமி பிலிப்பைன்ஸ்காரர், நீங்கள் நெல்லிவாசல். மூவருக்கும் பொதுவாக, சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001-ல் ஒரு வாக்கியத் தொகுப்பையே வகுத்துத் தந்திருக்கிறது. அதில் அலங்காரத்துக்கு இடமில்லை. ‘மே’, ‘மைட்’, ‘குட்’ போன்ற இரண்டுங்கெட்டான் சொற்களையும் தவிர்க்கச் சொல்கிறது. பெண் பார்க்கப் போன வீட்டில் “பார்க்கலாம்” என்று சொல்லி நழுவுகிறவர்கள் இந்த வேலைக்கு ஆகமாட்டார்கள். 150 டிகிரி என்றால் ‘ஒன் ஃபைவ் ஸீரோ’ என்று இலக்கம் இலக்கமாகச் சொல்ல வேண்டும்.

குழப்பம் வரும் இடத்தில், சொல்லப்போவது என்ன வகை என்று முதலிலேயே அறிவித்துவிட வேண்டும். வீட்டில் பழகுங்கள். “கொஸ்டின்: சோறு ஆச்சா?” “ஆன்சர்: ஆகலை.” “வார்னிங்: பசிக்குது.” “இன்ஸ்ட்ரக்‌ஷன்: போய் ரெண்டு குடம் தண்ணி கொண்டா.” இந்த நான்கைத் தவிர அட்வைஸ், இன்ஃபர்மேஷன், ரெக்வெஸ்ட், இன்டென்ஷன் என்று இன்னும் நான்கு உண்டு. எட்டும் பழகிவிட்டால், ஊர்ப் பெயரை எழுத்துக்கூட்டலாம்: நவம்பர், எக்கோ, லிமா, லிமா, இந்தியா, விக்டர், ஆல்ஃபா, சியரா, ஆல்ஃபா, லிமா. கண்டக்டரிடம் இப்படி டிக்கெட் கேட்க வேண்டாம்.

4. பொத்தானை அமுக்கிக்கொண்டு யோசிக்காதீர்கள்

சேனல் 16, அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ், கூப்பிடுவதற்கும் ஆபத்தைச் சொல்வதற்கும் உரியது. கூப்பிட்டவர் பதில் தந்ததும் இருவரும் வேறு சேனலுக்கு மாறிவிட வேண்டும். நலம் விசாரிப்பது, பாட்டுப் போடுவது எல்லாம் அங்கே கூடாது. பேசும் பொத்தானை அமுக்கியிருக்கும்வரை உங்களுக்கு எதுவும் கேட்காது. அந்தச் சேனலில் பேச நினைக்கும் மற்றவர்களின் வாயையும் அடைத்துவிடுவீர்கள். மைக் மேல் யாரோ தெரியாமல் உட்கார்ந்துவிட்டால் போதும், ஒரு துறைமுகமே ஊமையாகும். ஆகவே முதலில் யோசித்து, பிறகு அமுக்கி, சொல்லிவிட்டு, விடுங்கள். பஞ்சாயத்துக் கூட்டத்திலும் இது பயன்படும்.

5. அதிகாரம் இருப்பதாக நம்புங்கள், பயன்படுத்திப் பார்க்காதீர்கள்

நீங்கள் ‘இன்ஸ்ட்ரக்‌ஷன்’ கொடுக்கலாம். ஆனால் என்ன நடக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லலாம்; சுக்கானை எப்படித் திருப்புவது, எஞ்சினை எப்படி ஓட்டுவது என்பதெல்லாம் கேப்டன் பாடு. கப்பலுக்கும் கேப்டனுக்கும் நடுவில் நீங்கள் நுழைய முடியாது. கப்பலுக்கு பிரேக்கும் கிடையாது. எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டினாலும் பெரிய எண்ணெய்க் கப்பல் நிற்பதற்குள் சில கிலோமீட்டர் ஓடிவிடும். உங்களிடம் இருப்பது சொல் ஒன்றுதான். அதையும் மோதலுக்கு முன்பே, கப்பல் திரும்ப இடம் இருக்கும்போதே சொல்லியாக வேண்டும்.

2017 ஜனவரி 28 அன்று, விடிவதற்கு முன், எண்ணூர்க் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. ஒன்று எரிவாயுவை இறக்கிவிட்டு வெளியே போனது, மற்றது எண்ணெயோடு உள்ளே வந்தது. எர்ணாவூர்க் கரையில் ஒதுங்கிய கரிய எண்ணெய்க் கூழை ஆட்கள் வாளி வாளியாக அள்ளினார்கள். கடலில் சில நிமிடம் பிசகினால் கரையில் பல நாள் அள்ள வேண்டும். அதனால் சொன்னதோடு நிற்காதீர்கள். சொன்னதை எதிராளி வாயாலேயே திரும்பச் சொல்ல வையுங்கள். “சரி, சரி” என்பது பதில் அல்ல.

6. யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதையும் யோசியுங்கள்

2024 மார்ச் 26 அன்று அமெரிக்காவின் பால்டிமோரில், மின்சாரம் போன டாலி என்ற சரக்குக் கப்பல் பாலத்தை நோக்கி மிதந்து வந்தது. கப்பலிலிருந்து எச்சரிக்கை போனது. போலீசார் உடனே பாலத்தின் இருபுறமும் வண்டிகளை நிறுத்தினார்கள். வண்டியில் வந்தவர்கள் பிழைத்தார்கள். கப்பல் மோதிப் பாலம் இடிந்தபோது, அதன் மேல் சாலைக் குழிகளை அடைத்துக்கொண்டிருந்தவர்களில் ஆறு பேர் இறந்துபோனார்கள். சொல் சரியாகவும் வேகமாகவும்தான் போனது. கடைசி ஆள்வரை போய்ச் சேர நேரம் இருக்கவில்லை.

7. சான்றிதழ் வாங்குங்கள், மாமாவைச் சமாளியுங்கள்

கப்பல் ரேடியோவுக்கான ஜி.எம்.டி.எஸ்.எஸ். தேர்வை மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு நடத்துகிறது. வி.டி.எஸ். வேலைக்குத் தனிப் பயிற்சி உண்டு. குறிப்பேட்டில் உலகப் பொது நேரம் கேட்டால், நம் கடிகாரத்தில் ஐந்தரை மணியைக் கழித்து எழுதுங்கள். பேச்சு, ரேடார் படம் எல்லாம் பதிவாகும் என்பதால் பிறகு கதை மாற்ற முடியாது.

ஊர்த் திருவிழாவுக்கு வரும்போது மாமா கேட்பார்: “என்ன மாப்ள, கப்பல் ஓட்டுறியாமே?”

“ஓட்டுறவர்கிட்டப் பேசுறேன் மாமா.”

“வெள்ளைக்காரன் நீ சொன்னாக் கேக்குறானா?”

“அது தெரியாது மாமா. நான் சொன்னதைத் திருப்பிச் சொல்ற வரைக்கும் விடமாட்டேன்.”