தெருவோரத்தின் வாடகை

கேள்வி: சென்னையில் எங்கள் டோல்கேட் பக்கம் கன்டெய்னர் லாரிகள் இலவசமாக நிற்கின்றன, கார் மட்டும் ஏன் பார்க்கிங் கட்டணம் தர வேண்டும்?

பதில்: லாரி நிற்பது இலவசம் என்று யார் சொன்னது? நடைபாதையை இழந்து வண்டிகளுக்கு நடுவே நடக்கும் பள்ளிப் பிள்ளைகளே அதன் விலையைச் செலுத்துகின்றனர். தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டு கட்டட விதிகள் ஒரு காருக்கு 12.5 சதுர மீட்டர் இடத்தை வகுத்திருப்பதால், நிறுத்தக் கட்டணம் என்பது பொது நிலத்திற்கான வாடகையே ஆகும்.

கேள்வி: சிறிய வீடு கட்ட அனுமதி பெற எத்தனை அலுவலகப் படி ஏற வேண்டும்?

பதில்: மாடிப்படி போதும். 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டுவோர், விதிகளைப் பின்பற்றுவதாகத் தாமே உறுதியளித்து இணையவழியில் உடனடி அனுமதி பெறும் சுயசான்றிதழ் முறை 2024 ஜூலையில் தொடங்கியது. ஆயினும் பக்க இடைவெளியை விழுங்கினால், பாதிக்கப்படுவது அண்டை வீட்டாரின் காற்றும் வெளிச்சமுமே.

கேள்வி: கட்டணம் வாங்கும் ஸ்மார்ட் பார்க்கிங் திட்டம் வந்தபோது எங்கள் கவுன்சிலர் என்ன சொன்னார்?

பதில்: சொல்வதற்குக் கவுன்சிலரே இல்லை. 2016 முதல் 2022 வரை சென்னையில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றம் இல்லாதிருக்க, அத்திட்டம் 2019-இல் நடைமுறைக்கு வந்தது. இன்று மாமன்றத்தில் 200 உறுப்பினர்கள் இருப்பதால், தெருவுக்கு விலை வைக்கும் முன் அத்தெருவினரைக் கேட்பது அவர்களது கடமையாகும்.