மனு சார்

திங்கட்கிழமை காலை திருத்தணி பஸ் நிலையத்தில், திருவள்ளூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம்பிடித்து, மடியில் ரெக்சின் பையை அணைத்தபடி ஒருவர் உட்கார்ந்திருந்தால் அவர்தான் மனு சார். அப்பா அம்மா வைத்த பெயர் வேறு. வாக்காளர் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழக்கத்தில் இல்லை. திங்கள்தோறும் கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். மற்றவர்கள் குறை வந்தால் திங்கட்கிழமையைத் தேடுவார்கள். சாருக்குத் திங்கட்கிழமை நெருங்கினாலே குறை வந்துவிடும்.

குறை ஒன்றுதான். விளைநிலத்தில் வீட்டுமனை போடக் கூடாது.

இவரைப் போல அரக்கோணத்தில் ஒருவர் உண்டு, ஊத்துக்கோட்டையில் ஒருவர் உண்டு. சென்னையின் விளிம்பு எந்தத் திசையில் நகர்கிறதோ அந்தத் திசையில் முன்கூட்டியே போய் இடம்பிடித்துவிட்டு, பின்னால் ஏறுகிறவர்களைப் பார்த்து, "ஏற்கெனவே கூட்டம், அடுத்த வண்டியில வாங்க" என்கிற ஜாதி. நம்ம சார் வேலையில் இருந்த காலம் முழுக்க வில்லிவாக்கத்தில் வாடகை வீடு. ஓய்வுபெறும் சமயத்தில் "சென்னைக்கு மிக அருகில்" என்ற விளம்பரத்தைப் பார்த்து, சென்ட்ரலிலிருந்து ஏறக்குறைய 85 கிலோமீட்டர் தள்ளி ஒரு கிரவுண்டு வாங்கினார். அது வேர்க்கடலைக் கொல்லை. கடலை பிடுங்கிய குழி மூடுவதற்குள் கல் நட்டு, சுண்ணாம்பு அடித்து, வாசலில் ஓர் ஆர்ச்சும் வைத்துவிட்டார்கள். அதற்கு அப்போது சார் சொன்ன பெயர் ஊர் முன்னேற்றம். பக்கத்துக் கொல்லையில் இரண்டாவது ஆர்ச் எழும்பியபோது அதே வேலைக்குச் சுற்றுச்சூழல் சீரழிவு என்று பெயர் மாறியது.

கோபத்துக்கு ஒரு காரணம் உண்டு. அதை எந்த மனுவிலும் எழுத முடியாது. காலையில் காப்பி டம்ளரோடு மொட்டை மாடிக்குப் போனால் நேரே தணிகை மலை. கோபுரம் தெரியும், வெயில் ஏறுவதற்குள் படியேறுகிற கூட்டம் தெரியும். டிசம்பர் 31 ராத்திரி படித் திருவிழாவில் 365 படிக்கும் பூஜை நடக்கும்போது, கீழே வண்டி நிறுத்த இடமில்லாமல் ஊரே தவிக்க, சார் மட்டும் ஸ்வெட்டரோடு நாற்காலி போட்டுப் பார்ப்பார். வீட்டுக்கும் மலைக்கும் நடுவே இருப்பது ஒரு நஞ்சை. அதில் மனை விழுந்தால் வீடு எழும்பும். வீடு எழும்பினால் மாடி எழும்பும். மாடி எழும்பினால் முருகன் மறைந்துவிடுவார்.

இதை அப்படியே எழுதினால் கலெக்டர் சிரித்துவிடுவார். ஆகவே மனுவில் கொக்கு வரும், நாரை வரும், நிலத்தடி நீர் வரும். "பொருள்" என்ற இடத்தில் நான்கு வரி. "பார்வை" என்ற இடத்தில் தான் ஏற்கெனவே கொடுத்த மனுக்களின் தேதிகள். 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் தவறாமல் வரும், அந்தச் சர்வே எண்ணில் ஏரி இல்லாவிட்டாலும். கடைசியில் "நகல்" என்று போட்டு, முதலமைச்சரில் தொடங்கி மின்வாரிய உதவிப் பொறியாளர் வரை ஒரு பட்டியல். மின்வாரியத்துக்கு எதற்கு என்று கேட்டால், "நாளைக்குக் கம்பம் நட வர்றவன் அவன்தானே?" என்பார். ஜெராக்ஸ் கடைக்காரர் அவருக்குக் கணக்கு நோட்டே வைத்திருக்கிறார்.

லண்டனில் இருக்கும் தங்கை மகன் ஒருமுறை போனில், அந்த ஊரைச் சுற்றிப் பச்சை வளையம் என்று ஒன்று உண்டு, அதற்கென்று 1938லேயே சட்டம் போட்டார்கள் என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து மனுவில் லண்டனும் உண்டு. நம்மிடம் வளையம் ஏது? நஞ்சை, புஞ்சை, ஓடைப் புறம்போக்கு, மேய்க்கால் என்று துண்டு துண்டாகத்தான் பச்சை. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பதிவேடு, ஒரு கையெழுத்து. அங்கேயும் சார் மாதிரி ஆட்கள் மாடியில் டம்ளரோடு நின்றுகொண்டுதான் இருப்பார்கள் என்பது என் ஊகம். டம்ளரில் காப்பிக்குப் பதில் டீ இருக்கும்.

மனுவின் பயணம் தனிக் கதை. கலெக்டரிடம் கொடுத்தது கோட்டாட்சியருக்கு வரும், அங்கிருந்து வட்டாட்சியருக்கு, வட்டாட்சியரிடமிருந்து வருவாய் ஆய்வாளருக்கு, ஆய்வாளரிடமிருந்து கிராம நிர்வாக அலுவலருக்கு. யார் கண்டுகொள்ளவில்லை என்று புகார் எழுதினாரோ அவர் கைக்கே புகார் வந்து சேரும். அவர் போன் போடுவார்.

"சார், வணக்கம். உங்க மனு வந்திருக்கு."

"வந்துடுச்சா? என்ன நடவடிக்கை?"

"பதில் எழுதணும் சார். நீங்க எழுதுற தமிழ் எனக்கு வராது. நீங்களே ஒரு டிராஃப்ட் போட்டுக் குடுத்துட்டா, கையெழுத்து போட்டு அனுப்பிடுவேன்."

சார் போட்டுக் கொடுப்பார். தன் மனுவுக்குத் தானே எழுதிய பதில் திருப்தி தராததால் அடுத்த திங்கட்கிழமை மேல்முறையீடு.

கந்த சஷ்டிக்கு மற்ற ஊர்களில் சூரசம்ஹாரம். திருத்தணியில் கிடையாது, சுவாமி கோபம் தணிந்து வந்து நின்ற இடம் என்பதால் இங்கே புஷ்பாஞ்சலிதான். அந்தக் குறையைத் தாலுகா ஆபீஸ் வராந்தாவில் சார் தீர்த்துவைக்கிறார். ஊர் வரலாற்றிலும் தனக்கொரு பங்கு இருப்பதாக அவருக்கு நினைப்பு. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் எல்லைப் போராட்டம் நடத்தி, படாஸ்கர் பரிந்துரை வந்து, சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துக்கு வந்தது. "அவர் மண்ணை மீட்டார், நான் மண்ணைக் காக்கிறேன்" என்பார் சார். ம.பொ.சி. வேங்கடம் வரைக்கும் கேட்டவர். சார் கேட்பது தன் காம்பவுண்டிலிருந்து மலையடிவாரம் வரை.

அவர் வாழ்க்கையின் பொற்காலம் 2016 செப்டம்பர் 9இல் தொடங்கியது. யானை ராஜேந்திரன் என்கிற வழக்கறிஞர் போட்ட பொதுநல வழக்கில், அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. வழக்குப் போட்டவர் பெயரைக் கேட்டதும் சார் மலையைப் பார்த்துக் கும்பிட்டார். பெரும்பாலான முருகன் கோயில்களில் சன்னதி எதிரே மயில் நிற்கும், இங்கே நிற்பது ஐராவதம். சார்பதிவாளர் அலுவலக வாசலில் ஈ ஓட்டினார்கள். புரோக்கர்கள் பகல் பதினொரு மணிக்கு டீக்கடையில் தினத்தந்தியின் ராசிபலன் வரை படித்தார்கள். சார் அந்தப் பக்கமாக வேண்டுமென்றே இரண்டு நடை நடந்தார்.

நடுவில் மகளுக்கு வீட்டை எழுதிவைக்கலாம் என்று சம்சாரம் சொல்ல, பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனார். எழுத்தர் புரட்டிப் பார்த்துவிட்டு, "அப்ரூவல் நம்பர் எங்க சார்?" என்றார்.

இல்லை. கடலைக் கொல்லைக்கு டிடிசிபி என்கிற நகர் ஊரமைப்பு இயக்கக அனுமதியை யாரும் வாங்கவில்லை. விற்றவர் ஊராட்சித் தலைவரின் ரப்பர் ஸ்டாம்பைக் காட்டியிருந்தார். சார் தமிழ்நாடு முழுக்க எதிர்த்த அந்த அங்கீகாரமற்ற மனைகளில் சார் வீடும் ஒன்று. 2017 மே மாதம் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20க்குள் விற்றுப் பதிவான மனைகளைக் கட்டணம் கட்டி முறைப்படுத்திக்கொள்ளலாம். விண்ணப்பிக்கச் சார் போன நாளில் ரெக்சின் பை இல்லை, மஞ்சப்பை. அந்த ஒரு மனுவுக்கு மட்டும் அவர் யாருக்கும் நகல் அனுப்பவில்லை.

வீட்டில் சம்சாரம் ஒருவர்தான் அதைச் சொல்லிக் காட்டுவார். "ஏங்க, நம்ம வீடு இருந்த இடத்துல கொக்கே வரலையா?"

இந்தச் சண்டையில் எப்போதும் விட்டுப்போகிற ஆள் நஞ்சைக்காரர். எழுபது தாண்டியவர். பிள்ளைகளில் ஒருவன் ஒரகடத்தில், இன்னொருவன் எல்லை தாண்டி ஸ்ரீசிட்டியில், இருவரும் ஷிப்ட் வேலை. களை எடுக்க ஆள் கிடைக்காது. கரும்பு போட்டால் வெட்டி அனுப்பிவிட்டுப் பணத்துக்குக் காத்திருக்க வேண்டும். சென்னைப் பெருநகர எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904ஆக விரித்து 2022 அக்டோபரில் அரசாணை வந்ததும், புரோக்கர் தெலுங்கும் தமிழும் கலந்து அவர் திண்ணையிலேயே குடியேறிவிட்டார். கிராம சபையில் சார் மைக்கைப் பிடித்து உணவுப் பாதுகாப்பு பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது பெரியவர் எழுந்தார்.

"சார், நீங்க பச்சையா பாக்கறதுக்கு நான் நஷ்டத்துல நாத்து நடணுமா? உங்க பென்ஷன்ல மாசம் ஆயிரம் ஆயிரமா குடுங்க, வருஷம் பூரா பச்சையாவே வெச்சிருக்கேன்."

கூட்டம் கை தட்டியது. சார் மைக்கைத் தட்டிப் பார்த்து, சரியாகக் கேட்கவில்லை என்றார். அந்தக் கேள்விக்கு அவரிடம் மட்டுமல்ல, என்னிடமும் பதில் இல்லை.

ஆனாலும் சாரை வெறும் கோமாளி என்று தள்ள முடியாது. இரண்டாவது ஆர்ச் வைத்த லேஅவுட்டில் நடந்தது எனக்குத் தெரியும். பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேல் மனை போட்டால், சாலை போக மிச்சத்தில் பத்தில் ஒரு பங்கைப் பொது இடமாக உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்தாக வேண்டும். வரைபடத்தில் பூங்கா என்று பச்சை அடித்துக் காட்டிவிட்டு, சத்தமில்லாமல் அதையே நான்கு கார்னர் பிளாட்டாகக் கல் நட்டிருந்தார்கள். சார் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி வரைபடம் வாங்கி, டேப்பைப் பிடித்து அளந்து, விடாமல் எழுதி, வேலி போடவைத்தார். இப்போது அங்கே ஒரு சறுக்குமரமும் இரண்டு வேப்பங்கன்றும் இருக்கின்றன. ஏரிக்குப் போகிற கால்வாயை மூடிச் சிமெண்ட் குழாய் பதித்திருந்ததையும் அவர்தான் தோண்டவைத்தார். ஆபீசுக்குள் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டியதை, ஒரு மனுஷன் கோபுரம் மறையுமே என்ற வயிற்றெரிச்சலில் வெயிலில் நின்று பார்த்தான். வயிற்றெரிச்சலுக்கும் ஊரில் ஒரு வேலை இருக்கிறது.

கடைசியில் நஞ்சையும் மனையாயிற்று. வேளாண் துறைச் சான்று, டிடிசிபி, ரெரா என்று அத்தனையும் முறைப்படி. சார் ஒவ்வொரு மேஜையிலும் ஆட்சேபணை கொடுத்திருந்ததால் ஒரு காகிதம்கூடக் கோணலாக நகர முடியவில்லை. எல்லாம் முடிந்த பிறகு புரோமோட்டர் தட்டு நிறையப் பழமும் ஸ்வீட் டப்பாவுமாக வீட்டுக்கு வந்தார்.

"ஏம் சார், பாகுன்னாரா? உங்களாலதான் சார் எங்க பேப்பரு இவ்ளோ கிளீனு. பேங்குக்காரன் ஒரே நாள்ல லோன் குடுத்துட்டான். ஸ்கொயர் ஃபீட்டுக்கு ஐம்பது ரூபா ஏத்திட்டோம்."

சார் டப்பாவைத் தொடவில்லை. சம்சாரம் உள்ளே எடுத்துப் போனார்.

அதன் பிறகு ஊரில் புதுப் பழக்கம் ஒன்று கிளம்பிவிட்டது. மனை பார்க்க வருகிறவர்கள் வில்லங்கச் சான்று கேட்பதற்கு முன், "இதுக்கு மனு சார் மனு போட்டாரா?" என்று கேட்கிறார்கள். போட்டும் அனுமதி வந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். அவர் மனு போடாத இடம் என்றால் புரோக்கருக்கே முகம் சுருங்குகிறது.

போன ஞாயிறு அம்பத்தூரிலிருந்து ஒரு தம்பதி, கைக்குழந்தையோடு, தாய்ப் பத்திரத்திலிருந்து பட்டா வரை ஒரு கட்டு எடுத்துக்கொண்டு சார் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அந்த நஞ்சையில் முன்வரிசை மனை. சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். நாலெல்லையை விரல் வைத்துப் படித்தார். சர்வே எண்ணைத் தன் பையிலிருந்த புல வரைபடத்தோடு ஒப்பிட்டார். இரண்டாவது காப்பியும் வந்தது.

"அங்கிள், தைரியமா வாங்கலாமா?"

"பேப்பர்ல ஒரு குறையும் இல்லை, தம்பி" என்றார் சார். கட்டைத் திருப்பிக் கொடுக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்: "எத்தனை மாடி கட்டப் போறீங்க?"