கட்டையில கோளாறா, கட்டை போட்டவன்கிட்ட கோளாறா?

வாரும் மருமவனே, வாரும். கையில என்ன, உங்க அப்பா வச்சிருந்த வாக்மேனா? பரண்ல எலிகூடத் தொடாமக் கெடந்ததை எடுத்துத் தொடச்சு, அழுத்து அழுத்துன்னு அழுத்தியும் மூச்சு விடலையாக்கும். அதுக்குள்ள நாலு திருகாணியையும் கழத்திட்டீரே! உள்ளங்கையில மூணுதான் இருக்கு. நாலாவது எங்கவே?

சரி, திண்ணையில உக்காரும். வயித்துவலின்னு வந்தவனை வைத்தியரு முதல்ல நாக்கை நீட்டத்தான் சொல்லுவாரு. நீரு எடுத்த எடுப்புல வயித்தைக் கிழிச்சுட்டு வந்திருக்கீரு.

1979ல ஜப்பான்ல சோனிக்காரன் முதல் வாக்மேனை விட்டப்பவே அதுக்கு ரெண்டு பென்சில் பேட்டரிக் கட்டைதான். ஒண்ணுக்கு ஒன்றரை வோல்ட்டு, ரெண்டுக்கும் சேர்த்து மூணு. உம்ம கையில இருக்கது வேற எவனோ செஞ்சது, ஆனா சாப்பாடு அதே அளவுதான். மூணு வேளை தின்னுட்டு நாலாவது வேளைக்கு அடுக்களையை எட்டிப் பாக்குத ஆளு இல்லை அது.

கட்டையை எப்படிப் போட்டீரு? தட்டைப் பக்கம் சுருள் கம்பியில உக்காரணும், குமிழ்ப் பக்கம் தகட்டுல முட்டணும். ம்... சரியாத்தான் போட்டிருக்கீரு. எனக்கு நம்பிக்கையில்ல, அதான் கேட்டேன். ஆனா ஒண்ணு புதுசு, இன்னொண்ணு சுவர்க் கடிகாரத்துல இருந்து கழத்தினது மாதிரில்லா இருக்கு? இளங்காளையையும் கெழட்டு மாட்டையும் ஒரே நுகத்தடியில பூட்டினா உழவு எப்படி நடக்கும்? புதுசு இழுக்கும், பழசு தள்ளாடும், கடைசியில பழசு வாந்தியெடுத்துப் பெட்டியையே நாறடிக்கும். ரெண்டும் ஒரே நாள்ல, ஒரே கடையில வாங்கினதா இருக்கணும்.

மீட்டர் வச்சுப் பாத்தேன், ஒன்றரை காட்டுதுன்னு சொல்லுவீரு. காட்டும்வே. சும்மா இருக்கப்ப எல்லாக் கட்டையும் வீரம் பேசத்தான் செய்யும். வேலையைக் கொடுத்தவொடன படுத்துக்கிட்டா அதுக்குப் பேரு என்ன? உமக்குத் தெரியாததா, போன மாசம் கெணத்துல தூர் வாரக் கூப்பிட்டேனே! ரெண்டு பென்சில் கட்டை போடுத டார்ச்சுல அதுகளைப் போட்டு அஞ்சு நிமிசம் எரியவிடும். வெளிச்சம் மங்காம நின்னா நல்ல கட்டை.

நாங்க அந்தக் காலத்துல தீந்துபோன கட்டையை ஓட்டுமேல வெயில்ல காயப்போடுவோம். சூடு ஏறினா உள்ள இருக்க மருந்து கொஞ்சம் சுறுசுறுப்பாகும், ரேடியோவுல செய்தி முடியத வரைக்குமாவது தாங்கும். பல்லாலயும் கடிப்போம். அதைக் கேட்டுக்கிட்டு நீரு கடிச்சிராதேயும், இப்ப வார அல்கலைன் கட்டைக்குள்ள இருக்கது நாக்கை வேகவைக்கிற காரம்.

அந்தக் காரம்தான் உம்ம வில்லன். கட்டை வீட்டைத் திறந்து சுருள் கம்பியை உத்துப் பாரும். வெள்ளையா உப்புப் பூத்திருக்கா? உங்க அப்பா கடைசியாப் பாட்டுக் கேட்டுட்டுக் கட்டையை எடுக்காமப் பரண்ல ஏத்தினதோட புண்ணியம் அது. கட்டை கசிஞ்சு, காஞ்சு, மின்சாரம் போற வழியில மதில் எழுப்பிட்டு. புதுக் கட்டை போட்டு என்ன, பவர் ஹவுஸையே கொண்டாந்து வச்சாலும் அந்த மதிலைத் தாண்டாது.

காரத்துக்குப் புளிப்புதான் மாத்து. கட்டையை வெளிய எடுத்துட்டு, எலுமிச்சம்பழச் சாத்தைப் பஞ்சு நுனியில தொட்டு அந்த உப்புல ஒத்தும். புசுபுசுன்னு நுரைக்கும், பயந்துராதேயும். தொட்டுத்தான் தடவணும், ஊத்தினா உள்ள இருக்க பலகை போச்சு. அப்புறம் ஸ்பிரிட்டு வச்சுத் தொடச்சு, நல்லாக் காயவிட்டு, பென்சில் ரப்பரால கம்பியும் தகடும் பளிச்சுன்னு வரத வரைக்கும் தேயும். கம்பி அமுங்கிக் கெடந்தா லேசா இழுத்துவிடும். அந்தக் கையோட கண்ணைக் கசக்காதேயும், அப்புறம் உங்க அத்தை என்னைத்தான் வைவா.

ஓரத்துல அடாப்டர் சொருகுத ஓட்டை ஒண்ணு இருக்குல்லா, அதுலயும் ஒரு சூது. குச்சி உள்ள போனா கட்டைக்குப் போற வழி அடைபடும். சில பெட்டியில குச்சியை எடுத்தபிறகும் உள்ள இருக்க நாக்குத் தகடு திரும்பி வராது. விருந்தாளி போனபிறகும் பாயைச் சுருட்டாத வீடு மாதிரி. நாலு தடவை சொருகி எடுத்தா சில சமயம் சரியாயிரும்.

இதெல்லாம் முடிஞ்சு காதை வச்சுக் கேக்கையில உய்யுன்னு மோட்டார் சத்தம் வருதா? அப்போ சாப்பாடு போய்ச் சேந்தாச்சு, ரப்பர் பெல்ட்டுதான் உருகித் தாராப் போயிருக்கும். அது வேற வியாதி, நாளைக்கு வாரும்.

சட்டைப்பையில இன்னொரு சின்னப் பாட்டுப்பெட்டி வேற வச்சிருக்கீரா? லித்தியம் கட்டையா? முதுகு உப்பியிருக்கே! கொப்புளம்னு நெனச்சு ஊசியால குத்திராதேயும், தீப்பிடிச்சிரும். சார்ஜும் போடாதேயும். பேசாம வேலை தெரிஞ்சவன்கிட்டக் கொடும்.

இப்ப எந்திரிச்சுக் கடைக்குப் போயி எலுமிச்சம்பழம் ஒரு கிலோ வாங்கிட்டு வாரும். வாக்மேனுக்கு அரைப்பழம் போதும். மிச்சத்துக்கு உங்க அத்தை ஊறுகாய் போட உப்பு இடிச்சு வச்சிருக்கா.