பாரம்பரியம் சார்

ஒரகடம் கூட்ரோடு டீக்கடை பெஞ்சில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் தனக்குத்தானே முனகினால், கார் கம்பெனி ஆள் என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தார், குவாலிட்டி பிரிவில். ஒரு ராத்திரி கூத்து பார்த்தார். மறுவாரம் வேலையை விட்டார். மாமனார் வீட்டில் அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை. இப்போது ‘பாரம்பரியம் சார்’ ஆகி, கலைக்கும் மரபுக்குமாக ஒரு சின்ன அமைப்பு நடத்துகிறார். விசிட்டிங் கார்டில் ‘நிறுவனர், நிர்வாக இயக்குநர்’. போஸ்டர் ஒட்டுவதும் நாற்காலி எண்ணுவதும் இடம் போதாமல் விடுபட்டவை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மரபு நடை. மணிமங்கலத்தில் நின்று, “ஏழாம் நூற்றாண்டில் நரசிம்மவர்ம பல்லவன் புலிகேசியை விரட்டியது இங்கேதான்” என்பார், குரல் தழுதழுக்க. கண்டெய்னர் லாரி ஹாரன் அடித்துப் பல்லவப் படையை ஓரங்கட்டும். வடக்குப்பட்டில் 2022-இல் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது கல்லாயுதங்கள் கிடைத்த சேதியை ஒரு மனை புரோக்கரிடம் உருகி உருகிச் சொன்னார். அடுத்த வாரமே பிட் நோட்டீஸ் வந்தது: ‘பஸ் ஸ்டாப் மிக அருகில், கற்காலம் நடக்கும் தூரத்தில்.’

ஆனாலும் அவருக்கு உயிர் கூத்துதான். காஞ்சிபுரம் பக்கம் 1990-இல் பி. ராஜகோபாலும் மற்றவர்களும் கட்டைக்கூத்துச் சங்கம் தொடங்கியதையும், 2002 முதல் 2020 வரை புஞ்சரசந்தாங்கல் குருகுலத்தில் பள்ளிப் பாடமும் கூத்தும் சேர்ந்தே நடந்ததையும், பெண் பிள்ளைகளும் வேஷம் கட்டியதையும் மூச்சுக்கு மூச்சு சொல்வார். அப்படி ஒன்றை இங்கே நட்டுவிட வேண்டும் என்று ஆசை. அதற்குப் பணம் வேண்டும்.

பணம் 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவில் இருக்கிறது. ராமானுஜர் பிறந்த ஊர்ப் பக்கம் மற்றவர்கள் திருமந்திரம் சொல்வதுபோல இவர் அதைச் சொல்வார்: மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பணிக்கு, அதாவது சிஎஸ்ஆர். ஏழாவது அட்டவணையில் கலைக்கும் பாரம்பரியத்துக்கும் இலை போட்டிருக்கிறார்கள்தான். ஆனால் ஸ்மார்ட் கிளாஸும் கழிப்பறையும் சாப்பிட்டு எழுந்த பிறகே அந்தப் பந்தி. வரிவிலக்குப் பதிவு, சிஎஸ்ஆர்-1 என்று படிவம் நிரப்பியே வருஷத்தில் பாதி ஓடிவிடும்.

எப்படியோ ஒரு மார்ச் மாதம், கணக்கு முடிக்கும் அவசரத்தில், ஒரு கூத்துக்குப் பணம் தர ஒரு கம்பெனி ஒப்புக்கொண்டது.

“ராத்திரி முழுக்கவா? 20 நிமிஷத்துல முடியாதா?” என்றார் அதிகாரி.

சார் கூத்து வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, “20 நிமிஷத்துல திரௌபதி கூந்தலை அவுக்கலாம் சார். முடியணும்னா துரியோதனன் சாவணும். அதுக்கு விடியணும்” என்றார்.

அடுத்து சேஃப்டி ஆபீசர். அர்ச்சுனன் தபசு மரம் ஏறுகிறான் என்று கேள்விப்பட்டதும் உயரத்தில் வேலை செய்ய ஒர்க் பர்மிட் எங்கே, சேஃப்டி பெல்ட் எங்கே என்றார். இடுப்பில் கொக்கி மாட்டிக்கொண்டு வருகிறவனுக்குச் சிவன் பாசுபதம் தருவாரா என்பது வாத்தியாரின் கவலை. சாருக்கோ இரண்டு பக்கமும் நியாயமாகப் பட்டது. பழைய தொழில் புத்தி. கடைசியில் தபசை விட்டுவிட்டுப் பதினெட்டாம் போர் என்று முடிவாயிற்று. அதில் ஆள்தான் சாகிறான், யாரும் மரம் ஏறுவதில்லை.

கம்பெனிக்குத் தர வேண்டிய அறிக்கையில் ‘பயனாளிகள் எண்ணிக்கை’ என்றொரு கட்டம். கூத்தில் பாதிச் சனம் பாய் விரித்துத் தூங்கும். அதுவும் கூத்து பார்க்கிற முறைதான். தூங்குகிறவர் பயனாளியா? நேர்மையான மனுஷர், மூன்று பத்தி போட்டார்: விழிப்பு, அரைத் தூக்கம், குறட்டை. நடுநிசி தாண்டி டார்ச்சோடு எண்ணிக்கொண்டு போனவரைத் திருடன் என்று ஒரு பாட்டி விளக்குமாற்றை ஓங்கியது தனிக் கதை.

விடிகாலையில் நைட் ஷிஃப்ட் முடித்த பையன்கள் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி யூனிபார்மோடு வந்து நின்றார்கள். அவர்களைப் பார்த்ததும் கட்டியக்காரன் துரியோதனனிடம் திரும்பினான்: “மகாராசா, சாகப் போறீங்க. லாபத்துல ரெண்டு பர்சன்ட்டாவது தர்மம் பண்ணிட்டுப் போங்க. ஃபாரம் அந்த டார்ச்சு சார்கிட்ட இருக்கு!”

சிரிப்பில் பாய்கள் எல்லாம் எழுந்து உட்கார்ந்தன. சார் அவசரமாகப் பேனாவைத் திறந்து எழுதினார்: ‘காலை 5.40. குறட்டை: 0.’