கொழிஞ்சாம்பாறையில் ஃபோர்த் கியர், போடிமெட்டில் ஃபர்ஸ்ட் கியர்

வீட்டில் தமிழ், ரேஷன் கார்டில் மலையாளம், காய்கறிக்குத் தமிழ்நாட்டுச் சந்தை, லைசென்ஸுக்குக் கேரள ஆர்.டி.ஓ. என்று வாழ்கிறவர்களுக்காக எழுதப்பட்ட வழிகாட்டி இது. பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் பக்கத்துக்காரர்களும், இடுக்கி எல்லையில் மூணாறு, மறையூர், குமுளி, உடும்பன்சோலைப் பக்கத்துக்காரர்களும் கத்தரித்து வைத்துக்கொள்ளலாம். ஆட்டோமேட்டிக் கார் வாங்கியவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். அவர்களுடைய இடது காலுக்கு இங்கே வேலை இல்லை.

1. முதலில் மாவட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்

கார் பழகப் பாலக்காட்டுக்கு நிகரான இடம் கிடையாது. மேற்குத் தொடர்ச்சி மலையே ஒதுங்கி நின்று சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வழிவிட்ட கணவாய் அது. மலையே வழிவிட்ட ஊரில் மற்ற வண்டிகளும் விடும் என்று நம்பலாம். நேரான சாலை, இருபுறமும் கரும்பனை, எதிரே எப்போதாவது தக்காளி ஏற்றிய வேன். மூன்றாம் நாளே ஃபோர்த் கியர் கேட்பீர்கள். ஆசானும் போடச் சொல்வார். நமக்கு ஓட்ட வந்துவிட்டது என்ற எண்ணம் வருவதும் அன்றைக்குத்தான். கொழிஞ்சாம்பாறையில் அந்த எண்ணத்தால் யாருக்கும் கெடுதல் இல்லை.

இடுக்கிக்காரர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சமமான இடம் எதுவென்று தேடுவதே முதல் பாடம். பள்ளி மைதானம், தேவாலய முற்றம், தேயிலை ஃபேக்டரி வாசல், இவ்வளவுதான். மீதி இடத்தில் தேயிலை நிற்கும், இல்லையென்றால் ஏலம் நிற்கும், இரண்டும் இல்லாத இடத்தில் பள்ளம் இருக்கும்.

2. ஆசானின் பாதத்தைக் கவனியுங்கள்

தமிழ்நாட்டில் மாஸ்டர், இங்கே ஆசான். நல்ல ஆசானுக்கு மூன்று அடையாளங்கள்: சத்தம் போடமாட்டார், பாதி வகுப்பு ஃபோனில் இருப்பார், செருப்பைக் கழற்றி வைத்திருப்பார். மூன்றாவதுதான் முக்கியம். பயிற்சி வண்டியில் அவர் பக்கமும் கிளட்ச், பிரேக் உண்டு. அந்த வெறுங்காலின் கட்டைவிரல் கிளட்ச் பெடல் மேல் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் அழகாக வண்டியை எடுத்த ஒவ்வொரு தடவையும் அந்த விரல் லேசாக அசைந்திருக்கும். பார்த்துவிட்டாலும் காட்டிக்கொள்ளாதீர்கள்.

“டீச்சரே, கிளட்ச்ச மெல்ல விடுங்க.”

“மெல்லத்தானே விட்டேன் ஆசானே?”

“மெல்லன்னா அதவிட மெல்ல.”

வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி ஆஃப் ஆகும்.

“இப்ப விட்டது மெல்ல இல்ல டீச்சரே. அது கோபம்.”

ஓட்டுநர் பயிற்சியின் மொத்தப் பாடத்திட்டமும் இந்த நான்கு வரியில் முடிந்துவிடுகிறது. மீதி நாட்களில் இதையே உரக்கச் சொல்வார்கள்.

3. கிளட்ச் என்றால் என்ன என்று யாரிடமும் கேட்காதீர்கள்

கேட்டால் டீக்கடையில் நான்கு பேர் நான்கு விதமாகச் சொல்வார்கள். விஷயம் இதுதான். எஞ்சின் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும்; நின்றால் செத்துவிடும். சக்கரமோ அடிக்கடி நிற்க வேண்டும். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் சமரசத்துக்கு ஒரு தட்டு. பெடலை மிதித்தால் கிளட்ச் பிளேட்டின் மேலிருந்த அழுத்தம் விலகி, எஞ்சினும் சக்கரமும் தனித்தனி. பெடலை விட்டால் தட்டு ஃப்ளைவீலோடு ஒட்டி, இருவரும் ஒன்று. நடுவில், வழுக்கிக்கொண்டே ஒட்டுகிற ஓர் இடம் உண்டு. அதுதான் ஹாஃப் கிளட்ச். எஞ்சின் சத்தம் சட்டென்று தணியும், பானெட் அரை விரல் உயரும், ஸ்டீயரிங்கில் சின்ன நடுக்கம் தெரியும். அந்த நேரத்தில் காலை அசைக்காமல் வைத்திருக்கத் தெரிந்தவர் டிரைவர். தெரியாதவர் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து யோசனை சொல்கிறவர்.

எச்சரிக்கை: ஹாஃப் கிளட்ச் பிடிபட்டதும் சிலர் அதிலேயே குடித்தனம் நடத்துவார்கள். வழுக்குகிற தட்டு சூடாகும், தேயும். கருகல் வாசம் வந்தால் அது எதிர்க்கடைப் பொரிப்பு என்று நினைத்து ஜன்னலை ஏற்றிவிடாதீர்கள்.

4. எல் போர்டும் எல்லையும்

விதிப்படி எல் போர்டு குறைந்தது 18 சென்டிமீட்டர் சதுர வெள்ளைத் தகடு, அதில் 10 சென்டிமீட்டர் உயரச் சிவப்பு எழுத்து, முன்னும் பின்னும். நடைமுறையில், நோட்டுப் புத்தகத் தாளில் மகள் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிக் கண்ணாடியில் ஒட்டியது. எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். எடுத்து முப்பது நாள் ஆனபின் டெஸ்டுக்குப் போகலாம்.

கேரளத்தில் எடுத்த எல்.எல்.ஆரோடு தமிழ்நாட்டுக்குள் போகலாமா? தாராளமாக. மோட்டார் வாகனச் சட்டம் 13-ஆம் பிரிவின்படி அது இந்தியா முழுக்கச் செல்லும். செல்லாவிட்டால் இங்கே யாரும் சொந்த மாவட்டத்தையே சுற்றிப் பார்க்க முடியாது. பரம்பிக்குளம் பாலக்காடு மாவட்டம். காரில் போக வேண்டுமானால் தமிழ்நாட்டுச் சேத்துமடை, டாப்ஸ்லிப் வழி. கொழுக்குமலை தேனி மாவட்டம். ஜீப் ஏறுவது இடுக்கிச் சூரியநெல்லியில். கோடு போட்டவர்கள் ரோடு போட்டவர்களைக் கேட்கவில்லை.

முதல் நெடும்பயணமாகப் பெட்ரோல் அடிக்கப் போவது உத்தமம். 2023 ஏப்ரல் முதல் கேரளம் லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு செஸ் வாங்குகிறது. ஆகவே எல்லைக்கு அந்தப் பக்கத்து பங்குக்குப் போய் நிரப்பி வருவது இங்கே குடும்ப வழக்கம். பத்து முறை ஆஃப் ஆகி, பத்து முறை ஸ்டார்ட் செய்து போய்வந்தால் மிச்சம் என்ன என்று கணக்குப் பார்க்க வேண்டாம்.

5. எச் போடுங்கள், முடிந்தால் கண்ணை மூடிக்கொண்டு

கேரளத்தில் டூவீலருக்கு எட்டு, காருக்கு எச். கம்பிகள் நட்ட பாதையில் முன்னும் பின்னுமாக, ஒன்றையும் தட்டாமல் வர வேண்டும். இதற்கு ஓட்டத் தெரிய வேண்டும் என்ற அவசியம் இல்லை. “பின் கண்ணாடி மூலையில மூணாவது கம்பி தெரிஞ்சதும் முழுசா ஒடி, நடுக்கம்பி தெரிஞ்சா நேராக்கு” என்று ஆசான் சொல்வதை மனப்பாடம் செய்தால் போதும். வேறு கார் கொடுத்தாலோ கம்பியை ஓரடி நகர்த்தினாலோ மந்திரம் பலிக்காது. அதனால்தான் எல்லோரும் பழகிய வண்டியிலேயே டெஸ்டுக்கும் போகிறார்கள். அது பெரும்பாலும் மாருதி 800 ஆக இருந்த காலம் ஒன்று உண்டு. 2014 ஜனவரியில் தயாரிப்பு நின்ற பிறகும் அந்த வண்டிக்கு ஓய்வு கிடைக்கவில்லை.

இந்த ஏற்பாட்டை மாற்றப் பார்த்தார் கேரளப் போக்குவரத்து அமைச்சர் கே.பி. கணேஷ் குமார். 2024-இல் வந்த சுற்றறிக்கை, எச்சுக்குப் பதிலாக வளைந்து வளைந்து ஓட்டுவது, சாய்வாகவும் இணையாகவும் பார்க் செய்வது, ஏற்றத்தில் நிறுத்தி எடுப்பது என்று பட்டியல் போட்டது. ஒரு நாளைக்கு இத்தனை டெஸ்ட்தான் என்றது, 15 வருடம் தாண்டிய வண்டி வேண்டாம் என்றது. மே மாதம் டிரைவிங் ஸ்கூல்கள் மைதானங்களை மறித்துப் போராடின. பேச்சுவார்த்தைக்குப் பிறகு 15 வருடம் 18 ஆனது, எச்சும் பிழைத்துக்கொண்டது.

வேடிக்கை என்னவென்றால், ஏற்றத்தில் நிறுத்தி எடுப்பதை அமைச்சர் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15-ஆவது விதியைப் பாருங்கள். செங்குத்தான ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி எடுத்துக் காட்ட வேண்டும். இறக்கத்தில் சட்டென்று கீழ் கியருக்கு மாற்றிக் காட்ட வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். விதியில் ஏற்றம் இருக்கிறது. மைதானம்தான் சமமாக இருக்கிறது.

6. லைசென்ஸ் வந்ததும் மலை ஏறுங்கள்

குடும்பத்தோடு மூணாறு போகலாம் என்று முதல் ஞாயிற்றுக்கிழமையே தோன்றும். போடியிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள், சுமார் ஆயிரம் மீட்டர் உயரம். காலையில் போனால் துணைக்கு ஆள் உண்டு. ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிய ஜீப்புகள் உங்கள் பின்னாலேயே வரும். ஐயப்ப சீசனில் குமுளி வழியையும் கம்பமெட்டு வழியையும் தவிர்த்துவிடுங்கள். ஒருவழிப் பாதையாக்கி, ஒன்றில் ஏற்றிவிட்டு மற்றொன்றில் இறக்குவார்கள், நடுவில் யோசிக்க நேரம் தரமாட்டார்கள்.

ஏதோ ஒரு வளைவில் மேலிருந்து பஸ் இறங்கும். வளைவு முழுவதும் அதற்கு வேண்டும். குறுகலான மலைப்பாதையில் இறங்குகிற வண்டிதான் ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது சட்டம். அதை பஸ் டிரைவரிடம் எடுத்துச் சொல்ல இது இடமில்லை; நீங்கள் நிற்பீர்கள். பஸ் போய்விடும். இனி நீங்கள் எடுக்க வேண்டும்.

கொழிஞ்சாம்பாறை டிரைவர் இங்கே செய்வது: பிரேக்கிலிருந்து வலது காலை எடுத்து ஆக்சிலேட்டருக்கு ஓடுவார். கால் போய்ச் சேர்வதற்குள் வண்டி பின்னால் கிளம்பிவிடும். பயத்தில் கிளட்ச்சை மொத்தமாக விடுவார். ஆஃப். பின்னால் ஜீப்காரர் ஹாரன் அடிக்கமாட்டார். இறங்கி வந்து, டயருக்குப் பின்னால் கல் வைத்துவிட்டு, “அண்ணே, இப்ப எடுங்க” என்பார். ஹாரனே அடித்திருக்கலாம் என்று இருக்கும்.

செய்ய வேண்டியது: மூன்று பெடலுக்கு இரண்டு கால்தான் கொடுத்திருக்கிறான் கடவுள். மூன்றாவது கால் உங்கள் இடது கையில் இருக்கிறது. அதன் பெயர் ஹேண்ட் பிரேக். சமவெளியில் சார்ஜர் வயரைச் சுற்றி வைக்கப் பயன்படுத்தினீர்களே, அதுதான். அதை முழுக்க இழுத்துவிட்டு ஃபர்ஸ்ட் கியர் போடுங்கள். ஆக்சிலேட்டரைச் சற்றுத் தூக்கலாகக் கொடுங்கள். கிளட்ச்சை மெல்ல விடுங்கள். மெல்லன்னா அதவிட மெல்ல. சத்தம் தணிந்து பானெட் எழும்பும்போது ஹேண்ட் பிரேக்கை இறக்குங்கள். வண்டி ஓர் அங்குலம்கூடப் பின்னால் போகாது. அடுத்த வளைவுக்குக் கியரை வளைவுக்குள் போய் மாற்றாதீர்கள். நுழையும் முன்பே செகண்டோ ஃபர்ஸ்டோ ஆக்கிவிடுங்கள்.

7. இறங்கும்போது மாமாவைப் பின் சீட்டில் உட்கார வையுங்கள்

எல்லாக் குடும்பத்திலும் ஒரு மாமா உண்டு. “நியூட்ரல்ல விடு மாப்ள, பெட்ரோல் மிச்சம்” என்பார். அவர் கார்பரேட்டர் காலத்து மனிதர். இப்போதைய இன்ஜெக்ஷன் எஞ்சினில், கியரில் வைத்துக் காலை எடுத்தால் எஞ்சினுக்குப் பெட்ரோலே போகாது. சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றும். நியூட்ரலில் போட்டால்தான் எஞ்சின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் குடிக்கும். கியரில் இறங்கினால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் மொத்தப் பாரமும் பிரேக் மேல் விழுந்து, அது சூடேறி, கீழே போகப் போகப் பிடிமானம் குறையும். எஞ்சினையே ஆஃப் செய்யச் சொல்லும் மாமாவும் உண்டு. செய்தால் பிரேக் இறுகும், பவர் ஸ்டீயரிங் கனக்கும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். மாமாவுக்கு ஏலக்காய் டீ வாங்கிக் கொடுங்கள்.

8. யானை வந்தால் எச்சை நினையுங்கள்

கேரள அரசு பஸ்ஸின் முத்திரையில் யானை இருப்பதால் அதை ஆனைவண்டி என்பார்கள். மூணாறிலும் சின்னாறு வழியிலும் நிஜ ஆனையே ரோட்டுக்கு வரும். ரஜினி படத்தின் பெயரைச் சுமக்கும் படையப்பா என்ற கொம்பன் அந்த பஸ்ஸையே மறித்து நின்றவன். ஹாரன் அடிக்காதீர்கள், லைட் போட்டு அணைக்காதீர்கள், ஃபோனைத் தூக்கிக்கொண்டு இறங்காதீர்கள். தள்ளியே நிறுத்தி, வழி இருந்தால் ரிவர்ஸ் போட்டு நேராக, நிதானமாகப் பின்னால் வாருங்கள். மைதானத்தில் எச் பழகியது இந்த ஒரு நாளுக்காகத்தான் என்று அப்போது புரியும். ஆக எச்சையும் குறை சொல்வதற்கில்லை.

கடைசியாக

பாலக்காட்டில் பழகியவர்கள், டெஸ்டுக்கு முன்னால் ஒரே ஒரு காலைப்பொழுதை நெல்லியாம்பதி ரோட்டில் கழிக்க வேண்டும் என்று ஆசானிடம் கேளுங்கள். போத்துண்டி அணை தாண்டியதும் ஏற்றம் தொடங்கும். ஆள் நடமாட்டம் குறைந்த இடமாகப் பார்த்து நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, எடுத்து, மறுபடி நிறுத்தி, எடுத்துப் பழகுங்கள். அன்றைக்கு மட்டும் ஆசானை இரண்டு காலையும் மடக்கி உட்காரச் சொல்லுங்கள். 15-ஆவது விதி கேட்பது அவ்வளவுதான், ஆர்.டி.ஓ. கேட்காவிட்டாலும் மலை கட்டாயம் கேட்கும்.