கூத்துப் பூங்காக்காரர்

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் கூத்துப் பூங்காக்காரர் எனப்படுபவர், தெருக்கூத்தையும் மேடை நாடகத்தையும் ராட்டினமாகவும் சறுக்குமரமாகவும் மாற்றிக் கல்வராயன் மலையடிவாரத்தில் நிறுவப்போவதாகச் சொல்லிக்கொண்டிருப்பவர். நிலம் கிடையாது, முதல் கிடையாது. வரைபடம் மட்டும் உண்டு. அதுவும் பெரும்பாலும் யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் இருக்கும். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். ஓய்வுபெற்ற ஆசிரியர், மரவள்ளி வியாபாரி, கரும்பை ஆலைக்கு அனுப்பிவிட்டுப் பணத்துக்குக் காத்திருப்பவர் ஆகியோரிடையே இவ்வகையினர் அதிகம். 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதும் இவர்களின் எண்ணிக்கை பெருகியது. புது மாவட்டம் என்றால் வெளியூர்க்காரனிடம் காட்ட ஏதாவது வேண்டுமே.

திட்டத்தின் மூலம் பெரும்பாலும் ஒரு சுற்றுலாவில் இருக்கும். பள்ளிப் பிள்ளைகளைத் தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தா பூங்காவுக்கு அழைத்துப் போனதாக இருக்கலாம். மகளைப் பார்க்கச் சிங்கப்பூர் போய், செந்தோசா தீவில் நாலு நிமிஷ ஆட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்றதாகவும் இருக்கலாம். கிஷ்கிந்தாவைத் தொடங்கியவர் ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ எடுத்த மலையாளத் தயாரிப்பாளர் அப்பச்சன். “அவரு ராமாயணத்துலேர்ந்து பேர மட்டும் எடுத்தாரு. நம்மகிட்ட பாரதம் முழுசா கெடக்குது” என்பது கூத்துப் பூங்காக்காரரின் முதல் வாதம். அதில் பொய்யில்லை. திரௌபதி அம்மன் கோயில் திருவிழா நடக்கும் ஊர்களில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து என்று நாள்கணக்கில் ஓடும்.

முதலில் வருவது அர்ச்சுனன் தபசு. கூத்தில் அர்ச்சுனன் வேஷக்காரர் உயரமான தபசு மரத்தில் ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டாக ஏறுவார். உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் பூவும் விபூதியும் வீசுவார். பிள்ளை வரம் வேண்டி நிற்கும் பெண்கள் கீழே மடியேந்திப் பிடிப்பார்கள். மேல்நாட்டுப் பூங்காக்களில் ஆளை உயரத்துக்குத் தூக்கிச் சட்டென்று கீழே விடும் கோபுரத்துக்கு இதை ஈடாக வைக்கிறது திட்டம். சிக்கல் ஒன்றுதான். அந்தக் கோபுரத்தில் ஏறுகிறவன் அலறுவான். இங்கே ஏறுகிறவன் பாட வேண்டும். பாடத் தெரியாதவனை முதல் படியிலேயே நிறுத்திவிடுவதாகத் திட்டத்தில் கண்டிருக்கிறது.

ராட்டினத்துக்கு மரக்குதிரை வெளியூரிலிருந்து வர வேண்டியதில்லை. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. பாண்டவருக்கு ஐந்து குதிரை, கௌரவருக்கு நூறு என்று கணக்குப் போட்ட பிறகுதான் ராட்டினம் சுற்ற வேண்டிய வட்டம் பக்கத்து ஊர் ஏரிக்குள் போவது தெரியவருகிறது. பகாசூரன் வதையில் செலவு குறைவு: திருவிழாவில் பீமன் சோற்று வண்டியில் ஏறி ஊரைச் சுற்றுவதை அப்படியே வைத்துக்கொண்டு, பின்னால் சிற்றுண்டிக் கடையைச் சேர்த்துவிட்டால் போதும்.

மலைமேல் வள்ளி திருமணம். இது தெற்கத்திச் சரக்கு. சங்கரதாஸ் சுவாமிகள் கைபட்ட நாடகம். ஆனால் தினையும் சாமையும் விளையும் கல்வராயன் மலைக்கு இதைவிடப் பொருத்தமான கதை இல்லை என்கிறார்கள். கச்சிராயபாளையத்திலிருந்து கோமுகி அணைக்கு மேலாக வெள்ளிமலைக்கு இழுவை ரயில். வழியில் பரண்மேல் கவணோடு வள்ளி. கிழவர் வேஷத்தில் முருகன் தினைமாவு கேட்பார். திருப்பத்தில் யானை பிளிறும், வண்டி குலுங்கும். மேடையில் நிஜக் குதிரைகளை ஏற்றிய கன்னையா கம்பெனி, இலங்கேஸ்வரனில் தந்திரக் காட்சிகளால் அசத்திய ஆர். எஸ். மனோகர் என்று பெயர்களை அடுக்கி, யானை ஒன்றும் பெரிய விஷயமில்லை என்று நிறுவப்படும். வள்ளிமலை வேலூர் மாவட்டத்தில் அல்லவா இருக்கிறது என்று கேட்பவருக்கும் பதில் தயார்: “அது பொண்ணு பார்த்த எடம். மறுவீடு இங்கதான்.” ஏற்கெனவே கரியாலூரில் படகுத்துறை இருக்கிறதே என்றால் மட்டும் முகம் சுருங்கும். படகில் பாட்டு இல்லை.

திட்டம் தடுமாறுவது துரியோதனனிடம். நாலு நிமிஷத்தில் முடியும் ஆட்டம் வேண்டும் என்ற நிபந்தனையோடு இவர் கூத்து ஜமா வாத்தியாரைப் பார்க்கப் போவார். பேச்சு எப்போதும் ஒரே மாதிரிதான் போகும்.

“வாத்தியாரே, துரியோதனன் வேஷத்த நாலு நிமிஷத்துல முடிச்சுத் தர முடியுமா?”

“தெரைய எறக்கவே முக்கா மணி ஆவுமுங்க.”

“தெர இல்லாம?”

“தெர இல்லாம வந்தா அவன் ராசாவா? தண்ணி லாரிக்காரனான்னு ஜனங்க கேக்கும்.”

வாத்தியார் சொல்வது தொழில்முறையில் சரி. இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னால் முதலில் கிரீடத்தின் முனை மட்டும் தெரியும். கீழே சலங்கைக் கால்கள். முகவீணை ஏறும், மிருதங்கம் துரத்தும், பின்பாட்டு எடுத்துக்கொடுக்கும். அரிதாரம் பூசிய முகமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் வெளியே வந்து கிறுகிறுவென்று சுழன்று நின்ற பிறகும் கட்டியங்காரன் விடமாட்டான். நீ யார், எந்த ஊர், எதற்கு வந்தாய் என்று குடைவான். அந்தக் கேலியில் இரவு ஒரு மணி ஆகிவிடும். சுழற்சி மட்டும் வேண்டும், மற்றதெல்லாம் வேண்டாம் என்றால் அதற்குக் காபிக் கோப்பை ராட்டினமே போதும். திரும்பி வரும் கூத்துப் பூங்காக்காரர் வரைபடத்தில் நாலு நிமிஷம் என்பதை அடித்துவிட்டு நாற்பது என்று எழுதுவார். அடுத்த வாரம் நாலு மணி நேரம் ஆகும். இந்தத் திருத்தங்களுக்கு ஆதாரமாக பிரான்சின் புய் து ஃபூ பூங்கா காட்டப்படும். 1978-இல் ஓர் இரவுக் காட்சியாகத் தொடங்கியது அது. இன்றும் அங்கே பெரிய ராட்டினங்கள் இல்லை, பிரம்மாண்டமான சரித்திரக் காட்சிகளுக்கே கூட்டம் குவிகிறது. டீக்கடையில் இந்தப் பெயரை யாராலும் திருப்பிச் சொல்ல முடியாததால் எதிர்வாதம் எழுவதில்லை.

கூவாகத்தை மட்டும் எந்தத் திட்டக்காரரும் தொடுவதில்லை. சித்திரையில் அங்கே கூத்தாண்டவரான அரவானுக்குத் திருநங்கைகள் தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் தாலி அறுத்து அழுகிறார்கள். பார்க்க வந்தவரே பாத்திரமாகிவிடும் இடத்தில் நுழைவுச் சீட்டு யாரிடம் கேட்பது? இந்த அடக்கம் இவ்வகையினரிடம் காணப்படும் அரிய நற்குணம்.

நிர்வாக விதிகள் தாமாகவே உருவாகிவிடுகின்றன. நேரம் இரவு பத்து முதல் காலை ஆறு வரை. பாயும் போர்வையும் அவரவர் கொண்டுவர வேண்டும். தூங்கிவிட்டவர்களைக் கட்டியங்காரன் எழுப்புவான். கட்டணம் தட்டில் விழுந்தது. ஆக, பூங்காவிலிருந்து ஒவ்வொன்றாகக் கழிந்துபோய் எஞ்சி நிற்பது, மாரியம்மன் கோயில் திடலில் போன மாதம் நடந்த அதே கூத்து. இதை எடுத்துச் சொன்னால் திட்டக்காரர் வருந்துவதில்லை. மாதிரிப் பூங்கா ஏற்கெனவே தயார் என்று திங்கட்கிழமைக் குறைதீர் நாள் மனுவில் ஒரு வரி சேர்த்துவிடுவார்.

இவருடைய இயற்கைப் பகைவர் சிங்கப்பூர் மாப்பிள்ளை. “மாமா, சனங்க தண்ணிக்குத்தான் வரும். ஒரு அலைக்குளம் போடுங்க, போதும்” என்பார் அவர். மாமா மறுக்கமாட்டார். குளத்துக்குத் திருப்பாற்கடல் என்று பெயர் வைத்து, மாப்பிள்ளை வகையறாவை வாசுகியின் தலைப்பக்கம் அசுரராக நிறுத்தி, ஆலகாலம் வெளிப்படும் நேரம் அதிகாலை நாலு மணி என்று குறித்துக்கொள்வார்.