பஞ்சும் பயிற்சியும்
பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்த டாக்டர் வூ லியன் தே, 1910 கடைசியில் பிளேக் பரவிய மஞ்சூரியாவுக்குப் போனார். பிளேக் மூச்சுக்காற்றில் பரவுகிறது, மெல்லிய துணிக்குள் பஞ்சை வைத்து மூக்கையும் வாயையும் கட்டுங்கள் என்றார். வயதில் மூத்த பிரெஞ்சு மருத்துவர் மெனிக்குக் கோபம். வெறும் முகத்தோடு நோயாளிகளைப் பார்த்தார். சில நாளில் போய்ச் சேர்ந்தார். பிறகென்ன, ஆளாளுக்குக் கட்டிக்கொண்டார்கள்.

ஆசிரியர் பயிற்சிக்கு இந்த வசதி இல்லை. பினாங்கு குளுகோரில் இருக்கும் ரெக்சாம் என்ற பயிற்சி மையம், 1967 முதல் தென்கிழக்காசியாவின் அறிவியல், கணித ஆசிரியர்களுக்குப் புதுமுறைகளைச் சொல்லிக்கொடுத்து வருகிறது. கற்றுக்கொண்டு பள்ளிக்குத் திரும்பினால், "நல்லதுதான் சார், முதல்ல சிலபஸை முடிங்க" என்பார் தலைமையாசிரியர். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. பழைய முறையில் பாடம் நடத்தி எந்த ஆசிரியரும் செத்ததில்லை. தூங்கியிருக்கிறார்கள், அதுவும் பிள்ளைகள்தான்.